நூறு ரூபாயில் ஏழு ரூபாய்தான் செடிக்கு: ஒரு மூங்கில் வேலியின் பத்தாண்டுக் கணக்கு

பக்கத்து மனையில் மாடி எழும்பியதும் நம் முற்றம் பொதுவிடமாகிவிடுகிறது. துணி உலர்த்தும் கொடி, திண்ணையில் உட்காரும் நேரம், குழந்தைகள் விளையாடும் மூலை எல்லாமே மேல்மாடி ஜன்னலுக்குத் தெரியும். 6 அடி மதில் இதைத் தடுக்காது. அதனால்தான் நகரத்து மனைகளிலும் பண்ணை வீடுகளிலும் மூங்கிலை உயிர்வேலியாக வைக்கும் ஆசை பெருகியிருக்கிறது. ஆசை நியாயமானது. மூங்கில் வேகமாக வளரும், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும், காற்றுக்கு வளைந்து கொடுக்கும்.

ஆனால் நர்சரிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "செடி என்ன விலை?" என்றுதான். இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் ஒன்றைத்தான் சொல்கிறது: மூங்கில் வேலியில் மிகச் சிறிய செலவுகளில் ஒன்று செடி. பெரிய செலவு இடத்திலும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பவருக்கு மூங்கில் நல்ல வேலி. கணக்கிடாதவருக்கு அது பத்தாண்டுக்குள் தீராத வழக்கு.

கணக்கின் அடிப்படை

எல்லாக் கணக்கும் 100 அடி நீள எல்லைக்கு. 100 அடி என்பது 30.5 மீட்டர். அளவுகள் கணிதத்தால் வருபவை. விலைகள் அப்படியல்ல. அவை கணக்குப் போடுவதற்காக நான் எடுத்துக்கொண்ட விகிதங்கள், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்ட விகிதங்கள் இவை:

- 3 அடி உயரப் பைச்செடி ஒன்று ரூ.150
- ஆள்கூலி நாளொன்றுக்கு ரூ.800
- ஜே.சி.பி. வாடகை மணிக்கு ரூ.1,300
- தொழுவுரம் ஒரு யூனிட் (100 கன அடி) ரூ.3,000
- 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒரு நடை ரூ.1,500

எத்தனை அடி உயரம் போதும்?

பலர் தேவைக்கு மேல் உயரும் மூங்கிலை வாங்குகிறார்கள். காரணம், தேவை என்னவென்று அளக்காததுதான். அளப்பது எளிது. பக்கத்து வீட்டு முதல் மாடித் தளம் தரையிலிருந்து 12 அடி என்று கொள்வோம். அங்கே நிற்பவரின் கண் 17 அடி உயரத்தில் இருக்கும். அவர் ஜன்னல் எல்லையிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. நாம் எல்லையிலிருந்து 15 அடி உள்ளே, தரையிலிருந்து 4 அடி உயரத்தில் கண் இருக்கும்படி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு கண்களையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால், 20 அடித் தூரத்தில் அது 13 அடி இறங்குகிறது. எல்லையிலிருந்து 3 அடி உள்ளே வேலி நின்றால், அந்தக் கோடு வேலியைக் கடக்கும் உயரம் 11.8 அடி. ஆக 12 அடி வேலி போதும்.

நாம் 25 அடி உள்ளே எழுந்து நின்றால், கண் உயரம் ஐந்தரை அடி, கோடு சற்றுத் தட்டையாகும். அப்போது தேவை 13.9 அடி, அதாவது 14 அடி. முற்றம் முழுவதையும் மறைக்க 14 அடி வேலி என்று வைத்துக்கொள்ளலாம். 40 அடி, 50 அடி உயரும் மூங்கிலால் இந்த வேலைக்குக் கூடுதல் பயன் எதுவுமில்லை. கூடுதல் நிழலும் கூடுதல் சருகும் பக்கத்து வீட்டாரோடு கூடுதல் பேச்சும்தான் மிஞ்சும். இரண்டு மாடிக் கட்டடத்துக்கு எதிரே இருப்பவர்கள் இதே முறையில் தங்கள் கோட்டை வரைந்து பார்க்கலாம். ஒரு தாளும் அளவுகோலும் போதும்.

எந்த மூங்கில்?

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் 136 வகை மூங்கில்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் 125 இந்நாட்டுக்கு உரியவை, 11 வெளியிலிருந்து வந்தவை. வேலி வைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது நிறத்தையோ இலையையோ அல்ல. மண்ணுக்குள் கிழங்கு எப்படிப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தூர் கட்டும் மூங்கிலின் கிழங்கு குட்டையானது. தாய்க்கழியை ஒட்டியே அடுத்த கழி எழும். தூர் ஆண்டுக்குச் சில அங்குலம் முதல் ஓர் அடி வரை அகலும். ஓடும் மூங்கிலின் கிழங்கு மண்ணுக்கடியில் நீளமாக ஓடும். ஆண்டுக்கு 1 முதல் 1.5 மீட்டர், வளமான ஈர மண்ணில் அதற்கும் மேல். போகிற வழியில் கணுவுக்குக் கணு முளை விடும்.

நம் சமவெளியில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே தூர் கட்டுபவை. முள் மூங்கில், கல் மூங்கில், மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும் மஞ்சள் மூங்கில், ஹெட்ஜ் மூங்கில் என நர்சரிகளில் விற்கும் பாம்புசா மல்டிப்ளெக்ஸ் ஆகியவை எல்லாம் இந்த வகை. ஓடுபவை பெரும்பாலும் ஃபில்லோஸ்டாக்கிஸ் இனத்தவை. குளிர்ந்த நாடுகளின் மூங்கில்கள் அவை. அருணாசலப் பிரதேசத்தின் சீரோ சமவெளியில் அபதானி மக்கள் இந்த இனத்தில் ஒன்றைத் தோப்பாக வளர்க்கிறார்கள். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் வேலி வைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். "கோல்டன் பேம்பூ" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. மேலை நாட்டு நூல்களில் அந்தப் பெயர் ஓடும் மூங்கில் ஒன்றுக்கு உரியது. நம் நர்சரிகளில் மஞ்சள் மூங்கிலுக்கு அதே பெயரைச் சொல்கிறார்கள்.

100 அடிக்குச் செடி எண்ணிக்கை:

- ஹெட்ஜ் மூங்கில்: 10 முதல் 20 அடி உயரம், விரல் பருமன் கழி. 3 அடிக்கு ஒன்று, 34 செடி.
- மஞ்சள் மூங்கில்: 30 முதல் 60 அடி உயரம், 2 முதல் 4 அங்குலக் கழி. 8 அடிக்கு ஒன்று, 13 செடி.
- முள் மூங்கில்: 60 அடிக்கு மேல் போகும், கழி தொடை அளவு தடிக்கும். காட்டுப்பன்றியைத் தடுக்கும் பண்ணை எல்லைக்குப் பொருந்தும். வீட்டு மனைக்கு வேண்டாம்.

14 அடி தேவைக்கு ஹெட்ஜ் மூங்கில் அளவாகப் பொருந்துகிறது. இனி வரும் கணக்கு அதற்கே. ஒப்பிடவேண்டிய இடத்தில் மஞ்சள் மூங்கிலைச் சேர்த்திருக்கிறேன்.

இடம்: முதலும் பெரிய செலவும்

ஹெட்ஜ் மூங்கில் தூரை 3 அடி அகலத்துக்குள் நிறுத்தலாம். மதில் பக்கம் ஆள் நுழைந்து வேலை செய்ய ஒன்றரை அடி வழி வேண்டும். வீட்டுப் பக்கம் அரையடி வரப்பு. மொத்தம் 5 அடி. மதிலை ஒட்டி நட்டுவிட்டு, பின்பக்கம் முளைப்பதை எட்ட வழியில்லாமல் தவிப்பதுதான் இந்த வேலியில் அடிக்கடி காணும் தவறு. ஒன்றரை அடி வழி வீண் இடம் அல்ல, வேலியைப் பராமரிக்கும் பாதை.

100 அடி நீளம், 5 அடி அகலம்: 500 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது 1.15 சென்ட். மஞ்சள் மூங்கிலுக்கு 10 அடி அகலம் வேண்டும், அது 2.3 சென்ட். சென்ட் 5 லட்ச ரூபாய் விலை போகும் ஊரில், முதல் வேலி 5.74 லட்ச ரூபாய் நிலத்திலும் இரண்டாவது 11.48 லட்ச ரூபாய் நிலத்திலும் நிற்கிறது. நர்சரியில் ஒரு செடிக்கு 20 ரூபாய் பேரம் பேசுகிறவர் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு கிரவுண்ட் மனையில் இதைப் பொருத்திப் பாருங்கள். 40க்கு 60, 2,400 சதுர அடி. மூன்று பக்கமும் வேலி வைத்தால் நீளம் 160 அடி. மூலைகளில் இருமுறை எண்ணியதைக் கழித்தால்:

- ஹெட்ஜ் மூங்கில், 5 அடி அகலம்: 750 சதுர அடி. மனையில் 31 விழுக்காடு.
- மஞ்சள் மூங்கில், 10 அடி அகலம்: 1,400 சதுர அடி. மனையில் 58 விழுக்காடு.
- பின்பக்கம் 40 அடிக்கு மட்டும் ஹெட்ஜ் மூங்கில்: 200 சதுர அடி. 8 விழுக்காடு.

ஒரு கிரவுண்ட் மனைக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. பார்வை விழும் ஒரு பக்கத்துக்கு மட்டும் மூங்கில் வையுங்கள். மூன்று பக்கம் வேண்டுமென்றால் 10 சென்ட்டுக்குக் குறையாத மனை வேண்டும். செப்டிக் டேங்க், தரைத்தொட்டி, குழாய்ப் பாதை ஆகியவற்றிலிருந்து 10 அடி தள்ளி நடுங்கள். மூங்கில் வேர் நல்ல கான்கிரீட்டை உடைக்காது, விரிசல் இருந்தால் அதில் புகும். மின்கம்பிக்குக் கீழே எந்த மூங்கிலும் கூடாது.

நடும் ஆண்டின் செலவு

34 குழி தனித்தனியாக எடுப்பதைவிட ஒரே நீளக் கால்வாயாக எடுப்பது மேல். மண் ஒரே சீராகப் பொலபொலக்கும், சொட்டுநீர்க் குழாயும் நேராகப் போகும். 100 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் 300 கன அடி, அதாவது 3 யூனிட் மண். அதில் மூன்றில் ஒரு பங்கு தொழுவுரம் சேர்த்தால் 1 யூனிட், எடையில் ஒன்றரை டன் அளவு.

- செடி 34, பட்டுப்போனால் நட 3, ஆக 37: ரூ.5,550
- ஜே.சி.பி. 2 மணி நேரம்: ரூ.2,600
- தொழுவுரம் 1 யூனிட்: ரூ.3,000
- நடவு ஆள் 3: ரூ.2,400
- சொட்டுநீர்க் குழாயும் 34 சொட்டுவானும்: ரூ.2,500
- மொத்தம்: ரூ.16,050

அடிக்கு 160 ரூபாய் 50 காசு. இந்தக் கட்டத்தில் செடியின் பங்கு 35 விழுக்காடு. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் மூங்கிலை மலிவான வேலி என்கிறார்கள்.

தேசிய மூங்கில் இயக்கம் விவசாயிக்கு மானியம் கணக்கிடும்போது ஒரு செடிக்கு மூன்று ஆண்டுச் செலவாக 240 ரூபாயை எடுத்துக்கொண்டு, பாதியான 120 ரூபாயைத் தந்தது. நம் வேலியில் முதல் மூன்று ஆண்டுச் செலவு செடிக்கு 843 ரூபாய் வருகிறது. வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. வயலில் 5 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 400 செடி நிற்கும், வேலை மொத்தமாக நடக்கும். வேலியில் 34 செடிக்காக ஆளையும் இயந்திரத்தையும் தனியாக அழைக்கிறோம். தோட்ட மூங்கில் கணக்கை வேலிக்கு அப்படியே எடுத்துவந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பட்ஜெட் போடுவோம்.

தண்ணீர்

மழையில்லாத நாட்கள் ஆண்டுக்கு 240 என்று கொள்கிறேன்.

- முதல் ஆண்டு: செடிக்கு 8 லிட்டர், ஒன்றுவிட்ட நாள், 120 முறை. 32,640 லிட்டர்.
- இரண்டாம் ஆண்டு: செடிக்கு 15 லிட்டர், மூன்று நாளுக்கொருமுறை, 80 முறை. 40,800 லிட்டர்.
- மூன்றாம் ஆண்டு முதல்: செடிக்கு 20 லிட்டர், வாரம் ஒருமுறை, 34 முறை. ஆண்டுக்கு 23,120 லிட்டர்.

பத்தாண்டில் மொத்தம் 2,58,400 லிட்டர். சொந்தக் கிணறு இருப்பவருக்கு இது மோட்டார் ஓடும் நேரம் மட்டுமே. லாரித் தண்ணீர் வாங்குபவருக்கு 22 நடை, 33,000 ரூபாய்.

இங்கே மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 92 செ.மீ. நம் 500 சதுர அடிப் பட்டையில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 42,800 லிட்டர் விழுகிறது. மூன்றாம் ஆண்டுக்குப் பின் தேவைப்படும் பாசனத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டி ஓடிவிடுகிறது. ஓடாமல் பிடிக்க, பட்டையின் வரப்பை அரையடி உயர்த்தி, மொட்டைமாடிக் குழாய் ஒன்றையும் அதில் திருப்பிவிடுவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாசனம். மூங்கில் உதிர்க்கும் இலையையும் அங்கேயே விடுங்கள். அதில் சிலிக்கா அதிகம், மெதுவாக மட்கும், ஈரத்தைக் காக்கும். மூன்று அங்குலத்துக்கு மேல் சேர விடக் கூடாது. கோடையில் தீப்பிடிக்கும், எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

மூங்கில் வளரும் முறையும் அதனால் வரும் வேலையும்

மரம் ஆண்டுதோறும் உயர்ந்து தடிக்கும். மூங்கில் கழி அப்படியல்ல. மண்ணை விட்டு வெளியே வரும்போது எவ்வளவு பருமனோ, அதுவே கடைசிவரை. 60 முதல் 90 நாளில் முழு உயரத்தை எட்டி நின்றுவிடும். உலகில் பதிவான மிக வேகமான மூங்கில் வளர்ச்சி நாளுக்கு 91 செ.மீ. ஒவ்வோர் ஆண்டும் தூர் முந்தைய ஆண்டைவிட உயரமான, தடித்த கழிகளை அனுப்புவதால்தான் வேலி வளர்கிறது. நல்ல நீர் இருந்தால் மூன்றாம் ஆண்டில் 10, 12 அடி வேலி நிற்கும்.

இந்த இயல்பில் வேலிக்காரருக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. 14 அடியில் நுனி வெட்டிய கழி திரும்ப உயராது. அந்த ஆண்டு எழுந்த கழிகளுக்கு மட்டும், கிளை விடத் தொடங்கும் நேரத்தில், ஒருமுறை நுனி வெட்டினால் போதும். மற்ற செடி வேலிகளைப் போல மாதாமாதம் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதில்லை.

ஆண்டு வேலையை எண்ணிக்கையாகச் சொல்கிறேன். தூருக்கு 24 கழி வைத்துக்கொள்வோம்: இந்த ஆண்டுக் கழி 8, சென்ற ஆண்டுக் கழி 8, அதற்கு முந்தையது 8. 34 தூருக்கு 816 கழி. ஆண்டுதோறும் 272 புதிய கழி எழும். அவற்றின் நுனியை வெட்ட வேண்டும். மூன்று வயது முடிந்த 272 கழியை அடியோடு எடுக்க வேண்டும். எடுத்த கழி தக்காளிக்கும் அவரைக்கும் பாகலுக்கும் ஊன்றுகோலாகும். கழியை வெட்ட மைய வனச் சட்டமும் தடையாக இல்லை: வனம் அல்லாத நிலத்தில் வளர்ந்த மூங்கிலை 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் மர வரையறையிலிருந்து 2017இல் செய்த திருத்தம் நீக்கிவிட்டது.

வெட்டும் இடம் முக்கியம். கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். இடைக்கணுவில் வெட்டினால் அடியில் ஒரு குவளை உருவாகி மழைநீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். 272 கழியை அப்படி வெட்டிவிட்டால் வீட்டோரம் 272 கொசுத்தொட்டி வைத்ததற்குச் சமம்.

மூன்று ஆண்டு இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், 816 கழி இருந்த இடத்தில் 1,632 கழி நெருக்கும். நடுவில் செத்த கழி, வெளியே உயிர்க்கழி. அரிவாள் உள்ளே நுழையாது. அதன் பிறகு வேலை இரு மடங்காகும், ஆள்தான் கிடைக்க மாட்டார்.

எல்லைக்குள் நிறுத்துவது

தூர் பக்கத்துக்கு ஆண்டுக்கு 4 அங்குலம் அகல்வதாகக் கொள்வோம். நடும்போது அரையடி அகலமுள்ள செடி, 3 அடி எல்லையை நான்காம் ஆண்டில் தொடும். விட்டுவிட்டால் பத்தாம் ஆண்டில் 7 அடி அகலம். எல்லையிலிருந்து 3 அடி உள்ளே நட்டது ஒன்பதாம் ஆண்டில் மதிலை முட்டும்.

தூர் கட்டும் மூங்கிலுக்குத் தடுப்புச் சுவர் தேவையில்லை. செங்கல் தொட்டிக்குள் அடைத்தால் கிழங்கு நெருக்கித் தொட்டியையே பிளக்கும். தேவைப்படுவது இரண்டு வேலை. ஒன்று, மழை தொடங்கிய பின் முளை எழும் பருவத்தில் வாரம் ஒருமுறை வேலியோரம் நடந்து, 3 அடிக் கோட்டுக்கு வெளியே தலைகாட்டும் முளையைக் காலால் தட்டி ஒடிப்பது. அந்த வாரத்தில் அது வெண்டைக்காய் போல ஒடியும். மூன்று மாதம் கழித்து ரம்பம் வேண்டும். மற்றொன்று, ஆண்டுக்கொருமுறை கோட்டின் இருபுறமும் ஓர் அடி ஆழத்துக்கு மண்வெட்டி இறக்கி, வெளியே வந்த கிழங்கை வெட்டி எடுப்பது. 200 அடி நீளத்துக்கு இரண்டு ஆள்நாள்.

ஓடும் மூங்கிலுக்கு இது போதாது. அதன் கிழங்கு பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணிலேயே ஓடினாலும், தடை வந்தால் கீழே இறங்கும். ஆகவே தடுப்பு 60 செ.மீ. ஆழம் வேண்டும், மண்ணுக்கு மேலே 5 முதல் 7.5 செ.மீ. நீட்டிக்கொண்டும் நிற்க வேண்டும். மேலே நீட்டவில்லையென்றால் கிழங்கு தாண்டிக் குதித்துவிடும். பொருள் 1.5 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள எச்.டி.பி.ஈ. தகடு. பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் விரிப்பு 2 மி.மீ. தகட்டில் கால் பங்கு தடிமனே, கிழங்கின் நுனி அதைக் குத்திவிடும்.

100 அடி நீளம், 3 அடி அகலப் பட்டையைச் சுற்றி வளைக்க:

- சுற்றளவு 206 அடி, 62.8 மீட்டர்
- 70 செ.மீ. உயரத் தகடு, 2 மி.மீ. தடிமன்: 44 சதுர மீட்டர், 84 கிலோ. கிலோ ரூ.200 என்றால் ரூ.16,800
- கால்வாய் ஓரடி அகலம், இரண்டடி ஆழம்: 4.1 யூனிட் மண். ஜே.சி.பி. 4 மணி: ரூ.5,200
- பொருத்தும் ஆள் 4: ரூ.3,200
- இணைப்புப் பட்டை, போல்ட்: ரூ.2,000
- மொத்தம்: ரூ.27,200

வேலியை நட்ட செலவு 16,050. அதைச் சிறைவைக்கும் செலவு 27,200. 1.7 மடங்கு. இதற்குப் பிறகும் ஆண்டுதோறும் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 2013இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. தடுப்போ தொட்டியோ இல்லாமல் ஓடும் மூங்கிலைப் பக்கத்து நிலத்திலிருந்து 40 அடிக்குள் நடக் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 100 டாலர் அபராதம். குளிர்ப் பிரதேசத்தில் தூர் கட்டும் மூங்கில் வகைகள் குறைவு என்பதால் அவர்கள் இந்தச் சுமையை ஏற்கிறார்கள். தூர் கட்டும் மூங்கில் தாராளமாக வளரும் நம் சமவெளியில் அதை விலை கொடுத்து வாங்க ஒரு காரணமும் இல்லை.

பத்தாண்டுக் கூட்டல்

- நடும் செலவு: ரூ.16,050
- முதல் மூன்று ஆண்டு: களையெடுக்கவும் உரமிடவும் ஆண்டுக்கு 4 ஆள், உரம் ரூ.1,000. ஆண்டுக்கு ரூ.4,200, மூன்றாண்டுக்கு ரூ.12,600
- 4 முதல் 10ஆம் ஆண்டு வரை: கழி எடுக்க 4 ஆள், கிழங்கு வெட்ட 2 ஆள், நுனி வெட்ட 2 ஆள், உரம் ரூ.1,000. ஆண்டுக்கு ரூ.7,400, ஏழாண்டுக்கு ரூ.51,800
- மொத்தம்: ரூ.80,450

லாரித் தண்ணீர் என்றால் ரூ.1,13,450.

80,450ஐ நூறு ரூபாயாகச் சுருக்கினால், கூலிக்கு 71 ரூபாய், உரத்துக்கு 16, செடிக்கு 7, நடும்போது ஜே.சி.பி.க்கு 3, சொட்டுநீருக்கு 3. கூலி உயராது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உயரும்போது 71 இன்னும் கூடும், 7 இன்னும் குறையும்.

செடிச் செலவைக் குறைக்க 12 செடி மட்டும் வாங்கி, ஓராண்டு பாத்தியில் வைத்துத் தூர் பிரித்து நடலாம். 25 செடியின் விலை, 3,750 ரூபாய் மிஞ்சும். அது மொத்தத்தில் 5 விழுக்காடுகூட இல்லை, அதற்காக மறைப்பு ஓராண்டு தள்ளிப்போகும். மாறாக, பத்தாண்டில் தேவைப்படும் 71 ஆள்நாளில் பாதியை வீட்டாரே செய்தால் 28,400 ரூபாய் மிஞ்சும். சேமிப்பு இருக்கும் இடம் அதுதான்.

தவறாக வைத்ததை எடுக்கும் செலவு

மதிலோரம் மஞ்சள் மூங்கில் வைத்து, பத்தாண்டு கழித்து எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. 13 தூர், ஒவ்வொன்றும் 4 அடி விட்டம், ஒன்றரை அடி ஆழம் என்றால் 245 கன அடிக் கிழங்கும் மண்ணும். வீடு கட்டி முடிந்த மனையில் ஜே.சி.பி. பின்பக்கம் போகாது. கடப்பாரையும் கோடரியும்தான். தூருக்கு 2 ஆள்நாள் என்றால் 26 ஆள்நாள், 20,800 ரூபாய். புதிதாக வேலி நடும் செலவைவிட அதிகம். கழியை மட்டும் வெட்டிவிட்டால் மூங்கில் சாகாது. கிழங்கு மண்ணில் இருக்கும்வரை அடுத்த மழைக்கு முளைவிடும்.

வேலி தானாகவே சாகும் ஒரு வழியும் உண்டு. முள் மூங்கில் ஏறக்குறைய 45 ஆண்டுக்கொருமுறை கூட்டமாகப் பூத்து, நெல் விளைந்து, மடியும். கபிலர் பறம்பு மலையில் உழாமல் கிடைக்கும் விளைபொருள் நான்கில் ஒன்றாக மூங்கில் நெல்லைப் புறநானூற்றின் 109ஆம் பாடலில் வைத்தார். மிசோரம் மூங்கில் 48 ஆண்டுக்கொருமுறை பூக்கிறது. 1959இலும் 2006ஐ ஒட்டியும் பூத்தபோது எலி பெருகி விளைச்சல் அழிந்தது. வேலிக்காரர் நர்சரியில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது விதைச்செடியா, கழித்துண்டில் வளர்த்ததா? விதைச்செடியின் வயது விதையிலிருந்து தொடங்கும். கழித்துண்டு தாயின் வயதையும் சுமந்து வரும். தாய் 40 வயதுத் தூர் என்றால், 34 செடியும் நட்ட சில ஆண்டிலேயே ஒன்றாகப் பூத்து ஒன்றாக மடியக்கூடும். ஹெட்ஜ் மூங்கிலும் மஞ்சள் மூங்கிலும் பூப்பது மிக அரிது. இந்த வகையில் அவை வேலிக்குப் பாதுகாப்பானவை.

முடிவு

கணக்கு சொல்லும் தீர்ப்பு இது. சமவெளியில் தூர் கட்டும் மூங்கிலை மட்டும் வாங்குங்கள். தடுப்புத் தகட்டுக்குக் காசு செலவிடாதீர்கள், அந்தக் காசை ஆள்கூலிக்கு ஒதுக்குங்கள். மதிலிலிருந்து 3 அடி தள்ளி நடுங்கள். 5 அடி அகலம் தர முடியாத எல்லையில் மூங்கில் வேண்டாம். பத்தாண்டுக்கு 71 ஆள்நாள் தர முடியாதவருக்கும் வேண்டாம். நடுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் எந்த மூங்கில், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று சொல்லிவிடுங்கள். சருகும் நிழலும் அவர்கள் பக்கமும் விழும், அதனால் அவர்களுக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு. இவ்வளவுக்கும் தயாராக இருப்பவர் செலவிடுவது அடிக்கு ஆண்டுக்கு 80 ரூபாய். அந்த விலைக்குப் பச்சையும் நிழலும் ஊன்றுகோலும் மறைப்பும் சேர்ந்து தரும் வேலி வேறில்லை.